சன்னலை அடைத்த தெச்சி

நேற்றுக் காலை பக்கத்து வீட்டுப் பெண் வந்து எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல பெண். கழக்கூட்டத்தில் என் மகள் வேலை பார்க்கும் அதே வளாகத்தில் அவளுக்கும் வேலை. "ஆன்ட்டி, வீட்டுல சின்னதா ஒரு பூஜை. இத்திரி தெச்சி எடுத்தோட்டே?" என்று கேட்டாள்.

கொஞ்சம் தெச்சிப்பூ எடுத்துக்கொள்ளட்டுமா என்று மலையாளத்தில் கேட்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இன்னைக்கு எடுத்துக்கோ. நாளைக்கு வந்து கேட்கக் கூடாது" என்றேன்.

அந்தப் பெண் முகம் சுருங்கி, நாலு கொத்து மட்டும் கிள்ளிக்கொண்டு போய்விட்டாள். மகள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "என்னம்மா இது, நாலு பூவுக்கு இப்படியா பேசுறது? நாளைக்கு நான் அவ முகத்துல முழிக்கணும், கேட்டியா" என்றாள். நாலு பூவில்தான் ஆரம்பிக்கும் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்ச நேரம் உருட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம்தான் அகப்படும். ஆனால் விஷயம் பாத்திரத்தோடு தீரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

தெச்சி என்றால் திருநெல்வேலிப் பக்கம் இட்லிப்பூ என்பார்கள். சின்னச் சின்னச் சிவப்புப் பூக்கள் சேர்ந்து ஒரு உருண்டைக் கொத்து. மகள் இந்த வீட்டை வாங்கியபோது தோட்டம் போட்டுக்கொடுக்க ஒருவர் வந்தார். நாட்டுச்செடிதான் வைக்க வேண்டும், இந்த மண்ணிலேயே பிறந்தது, உரம் வேண்டாம், மருந்து வேண்டாம், நல்ல வெயில் மட்டும் இருந்தால் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், தேன்சிட்டு வரும், பட்டாம்பூச்சி வரும் என்று கைபேசியில் படம் படமாகக் காட்டினார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "சன்னல் பக்கம் வைக்காதீங்க." அவர் என் மகளைப் பார்த்துச் சிரித்தார். கிழவி ஏதோ பாம்புக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்.

நேற்று அந்தப் பெண் போன பிறகு செடியண்டை போய் நின்றேன். கிளைக்குள்ளே முசுறு எறும்பு கூடு கட்ட ஆரம்பித்திருக்கிறது. இலைகளை இழுத்து ஒட்டி வெள்ளையாகப் பின்னிவைக்குமே, அதேதான். ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். புளித்த வாடை சுருக்கென்று மூக்கில் ஏறியது. தெச்சிப் பூவுக்கு வாசம் கிடையாது. எனக்கு மட்டும் அது இந்த எறும்பு வாடைதான். சின்ன வயதில் எனக்கு முழங்கை வரை கடி. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண் என் கையைப் பார்த்துச் சொறி என்று நினைத்துத் தள்ளி உட்காருவாள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாள மண்ணுக்குப் பிழைக்க வந்த நாங்கள் இருந்தது மணக்காட்டில், ஒரு ஒடுக்கமான சந்தில். அப்பா சாலை பஜாரில் ஒரு அரிசி மொத்தக்கடையில் வேலை பார்த்தார். வாடகை வீடு. இரண்டு அறை, ஒரு அடுக்களை, அதற்குப் பின்னால் மூன்று பக்கமும் மதில் எழுப்பிய சின்ன முற்றம். அடுக்களை வழியாக வந்தால்தான் அந்த முற்றத்துக்கு வரமுடியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் கழுத்தைப் பிடித்ததே இதுதான்.

நெடுமங்காட்டுக்குச் சரக்கு இறக்கப் போன அப்பா, காட்டோரத்தில் சிவப்பாகப் பூத்துக் கிடந்ததைப் பார்த்து, வேர்விட்ட கிளை ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். குளிக்கிற தண்ணீர் வீணாகப் போகக் கூடாது என்று அது ஓடுகிற இடத்தில் நட்டார். அது பின்னறையின் ஒரே சன்னலுக்கு நேர் கீழே.

"சன்னலை ஒட்டி வைக்கீங்களே, பெருசா வளந்துட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"வளரட்டுமேட்டி. நாம என்ன இங்ஙனயேவா கெடக்கப் போறோம்? ரெண்டு வருசத்துல ஊரு போய்ச் சேந்துருவோம்" என்றார் அப்பா.

அந்த இரண்டு வருஷமும் செடி முறைத்துக்கொண்டே நின்றது. முழங்கால் உயரம், பத்து இலை, அவ்வளவுதான். பிறகு வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையில் அடியிலிருந்து எட்டுப் பத்துத் தண்டு கிளம்பியது. வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. தம்பியும் நானும் பூவைக் காம்போடு உருவி, நூல் போலிருக்கும் அந்த நடுநரம்பை மெல்ல இழுத்து, நுனியில் நிற்கும் ஒரு பொட்டுத் தேனை நக்குவோம். பழம் கறுத்ததும் தின்போம். பெரிய ருசியெல்லாம் இல்லை, ஓசி என்பதுதான் ருசி. அந்த நாட்களில் எனக்கு அந்தச் செடி மேல் ஒரு கோபமும் கிடையாது.

வீட்டுக்காரி பெயர் கமலாட்சியம்மா. நாங்கள் அம்மச்சி என்போம், அம்மா அக்கச்சி என்பாள். சந்து முனையில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு தேவி கோயில் இருந்தது. சின்னக் கோயில், ஒரு விளக்கு, பூசாரியாக ஒரு போற்றி, காலை பூஜை ஒன்று. ஒரு நாள் பூக்காரர் வரவில்லை. அம்மச்சி எங்கள் வாசலில் வந்து நின்று அம்மாவிடம், "செல்லம், ஒரு மாலைக்கு இத்திரி தெச்சி எடுத்தோட்டே?" என்று கேட்டாள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. குளித்து, ஈரத்தலையோடு தானே பறித்து, துளசி வைத்துக் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாளும் அம்மச்சி வந்தாள். "நேற்று மாலை போட்டப்போ தேவிடெ முகம் ஒண்ணு காணணுமாயிருந்து, செல்லம். கேட்டு வாங்கினதாக்கும்" என்றாள். மாலை விழுந்ததும் தேவியின் முகம் பார்க்க அப்படி இருந்ததாம். தேவியே கேட்டு வாங்கிய பிறகு வாடகைக்கு இருப்பவர்கள் என்ன சொல்ல முடியும்? அடுத்த வாரமே பூக்காரரை நிறுத்திவிட்டார்கள்.

இப்படித்தான் மாட்டினோம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அம்மச்சி கெட்டவள் என்றால் எனக்குக் கோபப்படுவதற்கு வசதியாக இருந்திருக்கும். அவள் கெட்டவள் இல்லை. பாயசம் கொடுப்பாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொண்டுவருவாள். பூ வருகிறவரை எங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லவும் மாட்டாள். அது அப்பாவுக்குத் தெரியும்.

ஆனால் நட்ட வீட்டின் கைதான் பூப் பறிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. குளிக்காமல் தொடக் கூடாது. அம்மாவுக்கு மாதவிலக்கு நாட்களில் அப்பா பறிப்பார், கிளைகளைத் திட்டிக்கொண்டே. நான் வளர்ந்ததும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் விலக்கு வந்தால் திரும்பவும் அப்பா. தினமும் யாராவது ஒருவர் வீட்டில் சுத்தமாக இருந்தே ஆகவேண்டும். செடியை வெட்டவும் கூடாது. வெட்டினால் துளிர்த்துப் பூக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும், அதுவரை தேவிக்கு மாலை முடக்கம். அதனால் அது தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. முதலில் சன்னலின் பாதி போனது. அப்புறம் முழுதும். சன்னல் கதவைத் திறந்தால் கிளை உள்ளே வரும், எறும்பும் உள்ளே வரும். ஒரு நாள் அப்பா சன்னலை ஆணியடித்து மூடினார். அது நானும் தம்பியும் படிக்கிற அறை. நடுப்பகலில் பல்பு போட்டுப் படித்தோம். வெளியே வெயில் கொளுத்தும், எங்களுக்கு அது பச்சையாக விரிசல் வழியே கொஞ்சம் தெரியும். முற்றத்தில் நின்று பார்க்கிறவர்கள் "எந்து பங்கி" என்று அழகைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். உள்ளே இருந்து பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

ஊருக்குப் போவது நின்றுபோனது. அடுக்களை வழியாகத்தானே முற்றம், அந்தச் சட்டத்தை நாலு நாள் தளர்த்தச் சொல்லி, சாவியை அம்மச்சியிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். அப்பா கொடுக்க மாட்டார். வீட்டுக்காரியிடம் சாவி போனால் திரும்பி வரும்போது வேறு பூட்டு தொங்கும் என்று அவருக்குப் பயம். சாலை பஜாரில் அப்படி இரண்டு பேருக்கு நடந்ததாம். ஒரே ஒரு தடவை துணிந்து, சொல்லிவிட்டு, நாலு நாள் ஊருக்குப் போனோம். திரும்பி வந்தபோது அம்மச்சியின் பசு செத்திருந்தது. ஒருத்தரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. சந்து முழுக்கக் கதவோரம் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். அம்மா அதற்குப் பிறகு ஊர்ப் பேச்சையே எடுக்கவில்லை.

எங்களுக்கு ஒரே ஒரு விடுமுறை உண்டு. அப்பாவின் பங்காளி யாராவது சாக வேண்டும். செத்தால் பதினாறு நாள் தீட்டு. தீட்டு வீட்டுப் பூவைத் தேவியே வேண்டாம் என்றுவிடுவாள், யாரும் குறை சொல்ல முடியாது. தந்தி வந்தால் அப்பா படித்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். தம்பி மெதுவாக, "பங்காளியாப்பா?" என்று கேட்பான். ஆமாம் என்றால் எங்கள் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியாது. அம்மா எங்கள் தொடையில் கிள்ளுவாள். அவள் வாயோரமும் துடிக்கும். பதினாறு நாள் எறும்பு இல்லை, விடிவதற்குள் குளியல் இல்லை. செத்துப்போன அந்த மனிதர்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவள்.

இனிதான் விஷயம். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒருவர், தம்பி. அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அம்மாதான். அந்த மாமாவுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம் வைத்தார்கள். அக்காவும் அத்தானும் முன்னால் நின்றுதான் நடக்க வேண்டும் என்று மாமாவே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா சிவப்பில் ஒரு பட்டுச்சேலை எடுத்தாள். தினம் இரண்டு தடவை பிரித்து மடித்து வைப்பாள்.

அப்பா ஒரு யோசனை செய்தார். அந்த யோசனையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாத்திரம் தேடுகிறது. யாரையும் கேட்காமல் அம்மச்சியிடம் போய், அம்பாசமுத்திரத்தில் தன் பெரியப்பா மகன் சுப்பையா இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தார். சுப்பையா என்று ஒருவர் கிடையாது. இழவுக்குப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பினால் வழியில் கல்யாணத்தைப் பார்த்துக்கொள்ளலாம், பூவும் கேட்க மாட்டார்கள், பசுவும் சாகாது என்பது கணக்கு. சொல்லிவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "எங்க வச்சுச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"கோயில் நடையிலதான். அவ அங்ஙனதான் நின்னா."

"அம்மன் முன்னாடியா?"

"ஏட்டி, செத்தவனே கெடையாது. இல்லாதவனுக்கு என்னட்டி தீட்டு?"

"அப்ப போய்ப் பூவைக் கொடுங்க. தீட்டு இல்லேன்னா பூ கொடுக்கணும். தீட்டுன்னா கல்யாணப் பந்தல்ல கால் வைக்கக் கூடாது. அம்மனுக்கு ஒரு தீட்டு, எந் தம்பிக்கு ஒரு தீட்டா?"

அப்பா கழற்றிய சட்டையைத் தரையில் எறிந்தார். பிறகு கத்தினார். அவள் அசையவில்லை. "போய்ப் பொய்யின்னு சொல்லிட்டு வாங்க, நான் வருதேன்" என்றாள். அது அவரால் முடியாது. தேவி நடையில் நின்று பொய் சொன்னேன் என்று வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு அந்தச் சந்தில் குடியிருக்க முடியுமா? சொல்லவில்லையென்றால் அம்மா அசைய மாட்டாள். வாயால் சொன்ன சாவோடு பந்தலுக்குப் போய் கல்யாணப் பெண்ணின் தாலிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அவளுக்குப் பயம். அப்பா தனியாகப் போகலாம் என்றார். "தீட்டு உங்க பங்காளிக்குத்தானே, நீங்க எப்படிப் போவீங்க?" என்றாள். அந்த வீட்டில் ஒரு கதவும் திறக்கவில்லை.

அதோடு விட்டதா? அங்கே எடுத்தாகிவிட்டது, இனிப் போய்ப் பயனில்லை என்று அப்பா அம்மச்சியிடம் சொல்லிவைத்தார். எங்கள் வீட்டில் துக்கம் என்று அடுப்பு மூட்ட விடாமல் அம்மச்சி கஞ்சியும் பயறும் கொண்டுவந்தாள். கீழே உட்கார்ந்து விசாரித்தாள். "எத்தர வயசு?" என்றாள். அப்பா நாற்பது என்றார். "மக்களுண்டோ?" மூன்று என்றார். "எந்தாயிருந்து அசுகம்?" மூச்சுமுட்டு என்றார். அம்மச்சிக்குக் கண் கலங்கியது. "பாவம், அந்தப் பெண்ணு இனி எந்து செய்யும்" என்றாள். தம்பி எழுந்து முற்றத்துக்கு ஓடினான். அவன் அழுகிறான் என்று அம்மச்சி நினைத்தாள்.

திருநெல்வேலியில் தாலி கட்டிய அன்று நாங்கள் அந்தப் பின்னறையில் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து சுப்பையாவுக்காகக் கஞ்சி குடித்தோம். அம்மா பட்டுச்சேலைப் பெட்டியின் மேல் சாய்ந்திருந்தாள். சன்னலின் மறுபக்கம், பறிக்க ஆள் இல்லாமல், புதர் தலையிலிருந்து கால் வரை சிவந்து கிடந்தது. விரிசல் வழியாக அந்தச் சிவப்பு தெரிந்தது.

மாமா விசாரித்திருக்கிறார். அப்பாவின் பங்காளிகள் யார் யார் என்று அவருக்குத் தெரியாதா? "இல்லாத சாவைச் சொல்லி எங்கக்கா எங் கல்யாணத்தைத் தட்டிக் கழிச்சுட்டா" என்று ஊரில் சொன்னாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா, நேரில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னால் அவனுக்குப் புரியும் என்பாள். "ஒரு நாலு நாள் கெடச்சா போதும்" என்பாள். அந்த நாலு நாள் கிடைக்கவில்லை. பங்காளிகள் எல்லோரும் திடகாத்திரமாக இருந்தார்கள்.

நான் படிப்பை முடித்து, ரயில் நிலையம் இருக்கிற தம்பானூரில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தேன். காலையில் பூப் பறித்துவிட்டுப் போவேன். ரயிலிலிருந்து இறங்கி வருபவர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று எழுதுவேன். மதுரை, திருநெல்வேலி, சென்னை. கூட வேலை பார்த்த லதா என் கையிலிருந்த கடிகளைப் பார்த்து, "கொச்சே, நினக்கு கல்யாணமும் அந்தச் செடியோடதானோ?" என்பாள். சென்னையிலிருந்து ஒரு வேலை வந்தது. அம்மாவுக்கு இடுப்பு வலி ஆரம்பித்திருந்த சமயம். நான் போகவில்லை. உள்ளூரிலேயே கல்யாணம், உள்ளூரிலேயே பிள்ளை. விலக்கு நின்றபிறகு அம்மாவே எல்லா நாளும் பறித்தாள், ஸ்டூல் போட்டு ஏறி.

ஒரு நாள் தொலைபேசி வந்தது. மாமா போய்விட்டார், மாரடைப்பு. அம்மா அழவில்லை. நேராகப் போய் அம்மச்சியிடம் சொன்னாள். நான் கூட நின்றேன். அம்மச்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நிஜமாகவே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெட்டிக் கொடுத்த பெண்ணுக்கு சகோதரன் போனா மூணு நாளல்லே, செல்லம்? நாலாம் நாள் பூ எடுக்கலாமே" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நம்முடெ சுப்பையா போனப்பதான் பதினாறு இருந்து" என்றாள். அவள் சுப்பையாவை மறக்கவே இல்லை. அவன் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று இடையிடையே அப்பாவிடம் கேட்பாள். அப்பாவும் வகுப்பு வகுப்பாக அவர்களை ஏற்றிக்கொண்டே வந்தார்.

அம்மா திருநெல்வேலிக்குப் போய்த் தன் தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தாள். பேச வேண்டியதை அந்த முகத்திடம் சொன்னாளா என்று தெரியாது, நான் கேட்கவில்லை. நாலாம் நாள் விடிவதற்குள் மணக்காட்டில் ஸ்டூல் மேல் நின்றாள்.

பிறகு அம்மச்சிக்கு முடியாமல் போனது. கோயிலை அவள் மகனும் ஒரு கமிட்டியும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் அம்மா மாலையோடு போனபோது கமிட்டி ஆள் ஒருவர், "இனி வேண்டாம் அம்மா, தோவாளைப் பூச்சந்தையிலேர்ந்து மொத்தமா வருது" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஒரு நாள் தவறினால் உலகம் இடியும் என்றிருந்தது, ஒரு வாக்கியத்தில் முடிந்தது. பசு எதுவும் சாகவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அரிவாளைக் கேட்டாள். அப்பா வெட்டப் போனார். "கொடுங்க இங்க" என்று வாங்கி அவளே வெட்டினாள், இடுப்பு உயரத்துக்கு மேல் ஒன்றையும் விடாமல். சன்னல் ஆணிகளைப் பிடுங்கினோம். அந்த அறையின் சுவர் நீலம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் திரும்ப ஞாபகம் வந்தது.

கேளுங்கள், என் கோபம் இதில்தான் அதிகம். வெட்டிய தெச்சி இரண்டாவது மாதம் துளிர்த்து, ஒவ்வொரு நுனியிலும் கொத்து வைத்தது. முன்பு பூத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. தெச்சியை ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன்னால் கத்தரித்தால்தான் நன்றாகப் பூக்குமாம். மகள் வீட்டுக்கு வந்த தோட்டக்காரர் சொல்லி இப்போது எனக்குத் தெரியும். கத்தரித்திருந்தால் வருஷத்துக்கு ஒரு மாதமாவது முடக்கம் இருந்திருக்கும், அம்மா ஊருக்குப் போயிருப்பாள், தேவிக்கும் இரட்டிப்புப் பூ கிடைத்திருக்கும். ஒருத்தருக்கும் தெரியவில்லை. கேட்கவும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அம்மா போனபோது கட்டிக்கொடுத்த மகளுக்கு மூன்று நாள் என்றார்கள். நான் பதினாறு நாளும் இருந்தேன். சொந்தக்காரர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அது முறையில்லை என்றார்கள். சுப்பையாவுக்கு இருந்தோம், என் அம்மாவுக்கு இருக்கக் கூடாதா என்று கேட்டேன். யார் சுப்பையா என்றார்கள்.

போன மாதம் மணக்காட்டுப் பக்கம் ஆட்டோவில் போனபோது இறங்கிப் பார்த்தேன். சந்து அகலமாகிவிட்டது. வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி, முற்றம் இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம், சிமெண்டுக் கட்டம் போட்டு எண் எழுதியிருக்கிறார்கள். கோயிலில் பளிங்கு. பிளாஸ்டிக் பையிலிருந்து மாலையை எடுத்து மாட்டினார்கள், யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. நடையில் நின்று விசாரித்தேன். அம்மச்சியும் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டதாம். அப்பாவும் இல்லை. சுப்பையாவின் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க இனி ஆள் இல்லை.